காலனித்துவ இந்தியாவில் மலேரியா: நுளம்பைக் கண்டுபிடித்த பின்னரும் மரணங்கள் ஏன் தொடர்ந்தன?

1897 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20 ஆம் திகதி, பிரித்தானிய இந்திய மருத்துவ சேவையைச் சேர்ந்த ரொனால்ட் ரொஸ், செகந்திராபாத்தில் ஒரு நுளம்பின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மலேரியா நோயாளி ஒருவரின் இரத்தத்தைக் குடித்த நுளம்பு அது. அடுத்த ஆண்டு கல்கத்தாவில், பறவைகளுக்கு வரும் மலேரியாவை ஆராய்ந்து, நுளம்புக் கடி மூலமே நோய் பரவுகிறது என்பதை நிறுவினார். 1902 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நோய் பரவும் வழியை உலகுக்குக் காட்டியது இந்திய மண்ணில் நடந்த ஆய்வுதான். ஆனாலும் பிரித்தானியர் வெளியேறிய 1947 வரை இந்தியக் கிராமங்களில் இலட்சக்கணக்கானோர் இதே காய்ச்சலுக்குப் பலியாகினர். மருத்துவ அறிவு இருந்தும் மக்கள் காப்பாற்றப்படாததற்கான காரணங்களை ஆட்சியின் முன்னுரிமைகளில் தேட வேண்டியுள்ளது.

தபால் நிலையத்தில் கொயினா

நுளம்பு பற்றி அறியப்படுவதற்கு முன்பிருந்தே கைவசமிருந்த மருந்து கொயினா. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படும் இதற்காக, 1860களில் நீலகிரியிலும் டார்ஜிலிங் மலைகளிலும் அரச தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. 1892 முதல் வங்காளத்தின் தபால் நிலையங்களில் சிறு கொயினாப் பொட்டலங்கள் ஒரு பைசாவுக்கு விற்கப்பட்டன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு பொட்டலத்தில் இருந்தது ஒரு வேளை மருந்து மட்டுமே. நோய் முற்றாகத் தீரப் பல நாட்கள் மருந்து எடுக்க வேண்டும். கூலி விவசாயிக்கு அது இயலாத செலவு. இந்தியாவின் உற்பத்தியும் தேவைக்குப் போதவில்லை. ஜாவாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது.

மியான் மீர் பரிசோதனை

1902 இல் லாகூருக்கு அருகிலுள்ள மியான் மீர் இராணுவ முகாமில் நுளம்பு ஒழிப்புப் பரிசோதனை தொடங்கியது. வாய்க்கால்களும் குட்டைகளும் மூடப்பட்டன, தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றப்பட்டது. காய்ச்சல் எதிர்பார்த்தபடி குறையவில்லை. அங்கு பணியாற்றிய ஜேம்ஸ், கிறிஸ்டோபர்ஸ் ஆகிய மருத்துவர்கள் இந்த முறையின் பயனைச் சந்தேகித்தனர். பணமும் ஆளணியும் போதாமையே தோல்விக்குக் காரணம் என ரொஸ் வாதிட்டார். 1909 இல் சிம்லாவில் கூடிய மலேரியா மாநாட்டிலும் இந்தச் சர்ச்சை தொடர்ந்தது. பெருஞ்செலவில் நுளம்பை ஒழிக்க அரசு முன்வரவில்லை. கொயினா விநியோகமும் ஆய்வுமே முதன்மை பெற்றன.

பசியும் அணைக்கட்டும்

1908 இலையுதிர் காலத்தில் பஞ்சாப்பில் பரவிய மலேரியா சுமார் 3 இலட்சம் உயிர்களைப் பறித்தது. இதை ஆராய்ந்து 1911 இல் கிறிஸ்டோபர்ஸ் வெளியிட்ட அறிக்கை, கொள்ளைநோய் ஆண்டுகளில் இரண்டு விடயங்கள் சேர்ந்து வருவதைக் காட்டியது. ஒன்று கடும் மழை, மற்றையது தானிய விலையேற்றம். மழை நுளம்பைப் பெருக்கியது. காய்ச்சலை மரணமாக மாற்றியது பசி.

வங்காளத்தின் பொதுச் சுகாதாரப் பணிப்பாளர் பென்ட்லி 1925 இல் வெளியிட்ட நூலில் இன்னொரு காரணத்தை முன்வைத்தார். புகையிரதப் பாதைகளுக்கும் வீதிகளுக்கும் எழுப்பப்பட்ட அணைகள் ஆற்று வெள்ளத்தை மறித்தன. வயலுக்கு வண்டல் வரவில்லை, விளைச்சல் குன்றியது. ஓட்டமில்லாத நீரில் நுளம்பு பெருகியது. அரசின் அபிவிருத்தியே நோயை வளர்த்தது என்பதை அரச அதிகாரி ஒருவரே எழுதினார்.

கிராம மக்கள் கைகட்டி இருக்கவில்லை. மருத்துவர் கோபால் சந்திர சட்டர்ஜியின் முயற்சியால் வங்காளக் கிராமங்களில் மலேரியா ஒழிப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகின. பற்றை வெட்டுவதும் குட்டைகளைத் துப்புரவாக்குவதும் மண்ணெண்ணெய் தெளிப்பதும் அவர்களின் பணியாயின.

தமிழகத்திலும் இதே கதை நடந்தது. 1934 இல் மேட்டூர் அணை நிறைவடைந்து புதிய கால்வாய்கள் வந்தபின், தஞ்சாவூர் மாவட்டத்தின் பட்டுக்கோட்டைப் பகுதியில் மலேரியா பிரச்சினையானது. ரொக்பெல்லர் மன்றத்தைச் சேர்ந்த போல் ரசல் குழுவினர் அங்கு வீடுகளுக்குள் பைரித்ரம் என்ற பூச்சிகொல்லியைத் தெளித்து ஆய்வு செய்தனர். பின்னாளில் டிடிடி தெளிப்புக்கு இத்தகைய ஆய்வுகள் வழிகாட்டின.

இலங்கையும் தப்பவில்லை

இதே பேரரசின் கீழிருந்த இலங்கையில் 1934-35 இல் மலேரியா சுமார் 80,000 பேரைக் கொன்றது. மழை பொய்த்து ஆறுகள் வற்றி, குட்டைகளில் நுளம்பு பெருகியதால் ஈரவலயக் கிராமங்களே பெரிதும் பாதிக்கப்பட்டன. அங்கும் வறுமைப்பட்டவர்களே அதிகம் மாண்டனர்.

போரும் பஞ்சமும்

1942 இல் யப்பான் ஜாவாவைக் கைப்பற்றியதும் உலகின் பெரும்பகுதிக் கொயினா வரத்து நின்றது. அடுத்த ஆண்டு வங்காளத்தைப் பஞ்சம் தாக்கியது. சுமார் 30 இலட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படும் அந்தப் பேரழிவில், பட்டினியால் நலிந்த உடல்களை மலேரியாவே மிக அதிகமாகக் காவுகொண்டது. பசியும் இடப்பெயர்வும் மருந்துத் தட்டுப்பாடும் ஒன்றுசேர்ந்தால் என்ன நேரும் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சுதந்திரத்தின் பின், 1953 இல் இந்தியா தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. டிடிடி வீடு வீடாகச் சென்றது, நோய் வேகமாகக் குறைந்தது. இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது. ஆனால் நோயைக் காவும் நுளம்பு இங்கு இன்னமும் உள்ளது. வெளிநாடுகளிலிருந்து நோயாளிகளும் வருகிறார்கள். எனவே கண்காணிப்பும் இரத்தப் பரிசோதனையும் கடைக்கோடிக் கிராமம் வரை தொடர்வதே எமக்கான பாதுகாப்பு.