குருதி சொல்வதும் சொல்லாததும்

தலையில் பலத்த அடிபட்டு நினைவிழந்து கிடக்கும் ஒருவரைச் சூழ்ந்து நிற்போர் மருத்துவரிடம் முதலிற் கேட்பது ஒன்றே: பிழைப்பாரா? சற்றுப் பொறுத்து அடுத்த கேள்வி எழும்: பிழைத்தால் பழையபடி ஆவாரா? இவ்விரு வினாக்களும் மிகப் பழையவை. கி.மு. 1600ஐ ஒட்டி எழுதப்பட்ட எகிப்தியச் சுவடி ஒன்று 48 நோயாளிகளைப் பற்றிக் கூறுகின்றது. அவர்களுள் முதல் 27 பேர் தலையிற் காயமுற்றவர்கள். குணப்படுத்தத் தக்கது, போராடிப் பார்க்கத் தக்கது, மருத்துவத்திற்கு அப்பாற்பட்டது என மூன்று தீர்ப்புகளுள் ஒன்றை அந்நாளைய மருத்துவர் கூறியாக வேண்டும். நம் நாட்டு வைத்தியர்கள் சாத்தியம், கஷ்டசாத்தியம், அசாத்தியம் என்று பகுத்ததும் ஏறத்தாழ இதுவே. இவ்வாறு முடிவை முன்னறிந்து கூறுவதை இன்றைய அலுவலகத் தமிழில் 'முன்கணிப்பு' என எழுதுகிறோம். ஜாதகம் கணிக்கும் வாடை அச்சொல்லில் வீசுவது நமக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆனால், பின்னர் காணப்போவது போல், அந்த வாடையும் ஓர் எச்சரிக்கையாக உதவக்கூடும்.

உடலின் எந்த அடையாளத்தைக் கண்டு ஆபத்தை முன்னறிவது என்ற வழக்கு ஒருமுறை ஐதராபாத்திலேயே நடைபெற்றது. 1847இல் எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோபாரத்தைப் புகுத்தினார். அடுத்த ஆண்டிலேயே அதனால் ஓர் இளம்பெண் உயிரிழந்தாள். மயக்கத்தில் முதலில் நிற்பது மூச்சா, இதயமா? ஐதராபாத் ரெசிடென்சியின் மருத்துவராயிருந்த எட்வர்டு லாரி, மூச்சை மட்டும் கவனித்தாற் போதும் என்று உறுதியாக நம்பியவர். 1888இல் இங்கு அமைந்த முதற் குழு விலங்குகளிடம் சோதனை நடத்தி, அவர் கூற்றையே ஆதரித்தது. லண்டனில் 'லான்செட்' பத்திரிகை ஐயம் எழுப்பவே, ஆறாம் நிஜாம் மீர் மகபூப் அலிகான் அப்பத்திரிகைக்கு 1,000 பவுன் அளித்து, நிபுணர் ஒருவரை அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். 1889இல் லாடர் பிரண்டன் வந்தார். இரண்டாம் குழுவும் மூச்சே முதலில் நிற்பதாகக் கூறியது.

நூற்றுக்கணக்கான சோதனைகள் நடந்தன, உழைப்பில் குறையில்லை. ஆனால் 1911இல் லெவி என்னும் ஆராய்ச்சியாளர், இலேசான மயக்க நிலையிற்கூட இதயம் தாறுமாறாகத் துடித்துத் திடீரென நின்றுவிடக் கூடும் என்று காட்டினார். பெரும்பாலான விலங்குகளிடம் கண்டது உண்மைதான். மேசைமேற் கிடக்கும் அந்த ஒருவருக்கும் அதுவே நேரும் என்று கொண்டதுதான் பிழை.

இனித் தலைக்காயத்திற்கு வருவோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்தில் தலையிற் காயமுற்று நினைவிழந்தவரின் நிலையை அளக்க உலகெங்கும் பயன்படுவது 1974இல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்னும் இருவர் வகுத்த அளவுகோல். கண் திறக்கிறதா, பேச்சு வருகிறதா, கைகால் அசைகிறதா என்று பார்த்து, 3 முதல் 15 வரை எண் இடுவார்கள். எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம். இவ்வெண்ணோடு வயது, கண்மணியின் நிலை முதலியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் முறை ஒன்று, 10,008 நோயாளிகளின் விவரங்களிலிருந்து 2008இல் உருவாயிற்று. செல்வ நாடுகளுக்கு ஒரு கணக்கு, ஏனைய நாடுகளுக்கு வேறொரு கணக்கு என்று அதை வகுக்க வேண்டியிருந்தது என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். கிளாஸ்கோ அளவில் பேச்சுக்கு ஐந்து எண் உண்டு. தெலுங்கோ உருதுவோ பேசும் செவிலியரிடம், அரைமயக்கத்தில் இருப்பவர் தெளிவான தமிழில் விடை சொன்னால், அது குழறலாகக் கொள்ளப்படக் கூடும். நோயாளியின் மொழி இன்னதென்று உடனிருப்பவர் சொல்லிவிடுவது நலம்.

குருதிக்கு மொழியில்லை. அதனாலேயே ஆராய்ச்சியாளர் நாட்டம் அதன்பாற் சென்றது. மூளையின் உயிரணுக்கள் சிதையும்போது அவற்றிலுள்ள புரதங்கள் குருதியில் கசிகின்றன. 1965இல் பிளேக் மூர் மாட்டு மூளையிலிருந்து ஒன்றைப் பிரித்து, அது 100 விழுக்காடு செறிந்த அம்மோனியம் சல்பேட்டிலும் கரைந்தமையால் எஸ்-100 என்று பெயரிட்டார். ஆனால் இப்புரதம் கொழுப்பிலும் இருப்பதால், தலையில் அடியில்லாமல் உடலின் வேறிடங்களில் அடிபட்டாலும் அதன் அளவு உயர்கிறது. 1971இல் லாரன்ஸ் எங் அறிவித்த ஜி.எப்.ஏ.பி. என்னும் புரதம் மூளைக்கே பெரிதும் உரியது. இதனையும், நரம்பணுக்களில் உள்ள யு.சி.எச்.-எல்1 என்பதனையும் அளக்கும் சோதனைக்கு 2018இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. ஆனால் அந்த இசைவு, இலேசாக அடிபட்டவருக்கு சி.டி. படம் தேவையா என்று முடிவு செய்வதற்கே, ஆயுளைச் சொல்வதற்கன்று.

ஆயுளைப் பற்றிய ஆராய்ச்சி 2022இல் வெளிவந்தது. அமெரிக்காவின் 18 மருத்துவ நிலையங்களில் 1,696 பேரிடம் அடிபட்ட அன்றே குருதி எடுத்து, ஆறு மாதங் கழித்து அவர்கள் நிலையைப் பார்த்தனர். யார் இறப்பர், யார் பிறர் துணையின்றி வாழ இயலாதவராவர் என்பதை இரு புரதங்களும் நன்றாகவே பிரித்துக் காட்டின. ஆனால் யார் முழுக்கப் பழைய நிலைக்கு மீள்வர் என்ற கேள்விக்கு அவற்றின் விடை, நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். அதாவது, நாம் மேலே கூறிய முதற் கேள்விக்குக் குருதி ஓரளவு விடை தருகின்றது; இரண்டாவதற்கு வாய் திறப்பதில்லை.

முதல் விடையும் பலரைப் பற்றியதேயன்றி ஒருவரைப் பற்றியதன்று. 'நூற்றில் எண்பது பேர் இறப்பர்' என்றால், படுத்திருப்பவர் எஞ்சிய இருபதில் ஒருவராயிருக்கலாம். அந்த எண்ணை நம்பிச் சிகிச்சையைத் தளர்த்தினால் அவரும் இறப்பார். எண் மெய்யாயிற்று என்று ஏட்டில் ஏறும். ஜாதகம் பலிப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. நோயாளிக்காக நாளுக்கு ஆயிரக்கணக்கில் கடன் வாங்கிக் கொண்டிருக்கும் குடும்பத்தாரிடம் ஓர் எண்ணைச் சொல்லும்போது, மருத்துவர் இதனையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது நம் கருத்து.

மூளைச்சாவு என்பது இதனின்றும் முற்றிலும் வேறானது. அது வரப்போவதைக் கூறும் கணிப்பன்று, நிகழ்ந்துவிட்டதன் சான்று. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர் அடங்கிய குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துக் கையொப்பமிட வேண்டும். ஐதராபாத்தில் 2013இல் தொடங்கிய 'ஜீவன்தான்' உறுப்புதானத் திட்டம் இச்சட்டத்தின் கீழேயே நடைபெறுகின்றது. அதன் தலைமையிடம், 1964இல் எலும்பு மருத்துவமனையாகத் தோன்றிப் பஞ்சகுட்டாவில் விளங்கும் நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகம். இச்சோதனையிலும் குருதி எடுப்பதுண்டு. ஆனால் தேடுவது மூளைப் புரதத்தை அன்று. சுவாசக் கருவியைச் சற்று விலக்கி, குருதியில் கரியமில வாயு போதிய அளவு ஏறிய பின்னும் நெஞ்சு தானாக ஒரு மூச்சேனும் இழுக்கின்றதா என்று பார்க்கிறார்கள்.