லாரிகளை மறித்த பங்குமக்கள்



இயற்கையைக் காப்பது பற்றி மறையுரையில் பேசினால், "சாமி, இது கோவில் காரியமா, அரசாங்கக் காரியமா?" என்று சிலர் கேட்பதுண்டு. ஆண்டுக்கு ஒருமுறை மரக்கன்று நட்டுவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. இந்தக் கேள்விக்கு ஓர் ஏழைப் பங்கின் வரலாறு விடை சொல்கிறது. அதை இன்று நினைவுகூர்வோம்.

நம் இல்லங்களுக்கு வேரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பைப் பல ஆண்டுகள் அனுப்பிவைத்த நாடு பிலிப்பைன்ஸ். அந்நாட்டின் தெற்கே உள்ள மிந்தனாவோ தீவில் புக்கிட்னோன் என்னும் மலைநாடு இருக்கிறது. அங்குள்ள சான் பெர்னாண்டோ பங்கின் மக்கள் நெல்லும் மக்காச்சோளமும் விளைவித்துப் பிழைக்கும் சிறு உழவர்கள். அவர்களுடைய மலைக்காடுகளை வெட்டி, மரங்களை லாரி லாரியாக ஏற்றிச் சென்றார்கள். காடு போனால் கோடையில் ஆறு வற்றும், மழைக்காலத்தில் வெள்ளம் வயல் மண்ணை அடித்துச் செல்லும் என்பதை அம்மக்கள் பட்டறிந்திருந்தார்கள். நம் அன்பியங்களைப் போலச் சிறு குழுக்களாகக் கூடி இறைவார்த்தையைச் சிந்தித்துப் பழகியவர்கள் அவர்கள். 1987ஆம் ஆண்டு, மரம் ஏற்றிவந்த லாரிகளைச் சாலையில் மறித்து நின்றார்கள்.

இந்தக் குரல் ஆயர்களின் செவிகளுக்கு எட்டியது. 1988 சனவரி 29 அன்று பிலிப்பைன்ஸ் ஆயர் பேரவை, 'நம் அழகிய நாட்டிற்கு என்ன நேர்கிறது?' என்ற மேய்ப்புப்பணி மடலை வெளியிட்டது. காடும் ஆறும் கடலும் அழிவதை ஆயர்கள் அதில் விசுவாசத்தின் பிரச்சினையாகவே பார்த்தார்கள். தங்கள் உடலையே அரணாக்கிக் காட்டைக் காத்த சான் பெர்னாண்டோ மக்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். பூமியைப் பேணும் பணிக்குழுக்கள் திருஅவையில் உருவாக வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

ஈராண்டுகளுக்குப்பின், 1990 சனவரி முதல் நாள், உலக அமைதி நாள் செய்தியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், படைத்தவரோடும் படைப்பு அனைத்தோடும் அமைதி கொள்ளுமாறு உலகை அழைத்தார்.

ஆனால், இந்தப் பணிக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. புக்கிட்னோன் பகுதியை உள்ளடக்கிய மலாய்பலாய் மறைமாவட்டத்தின் அன்றைய ஆயர் கௌதென்சியோ ரொசாலஸ் காடுகளைக் காப்பதில் உறுதியாக இருந்தார். அரசின் ஒப்புதலோடு அவருடைய குருக்கள் சிலர் வனக்காவலர் பொறுப்பையும் ஏற்றார்கள். திருட்டுத்தனமாக வெட்டிய மரங்களைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. அவர்களுள் ஒருவர் இளங்குருவான நெரிலிட்டோ சாட்டூர். 1991 அக்டோபர் 14 அன்று, சிற்றூர் ஒன்றில் திருப்பலி நிறைவேற்றிவிட்டுத் திரும்பும் வழியில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். காலையில் கிறிஸ்துவின் உடலை மக்களுக்குப் பகிர்ந்தளித்த கைகள் அன்றே ஓய்ந்தன.

மூன்று வாரம் கழித்து, நவம்பர் 5 அன்று, அதே நாட்டின் லெய்த்தே தீவிலுள்ள ஓர்மோக் நகரின்மேல் புயல்மழை கொட்டியது. மரமில்லாத மலைச்சரிவுகளால் தண்ணீரைத் தாங்க முடியவில்லை. ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் வெள்ளத்தில் மாண்டார்கள். சான் பெர்னாண்டோ உழவர்கள் எதற்கு அஞ்சிச் சாலையில் நின்றார்கள் என்பது அன்று நாடு முழுவதற்கும் விளங்கியது.

2015ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலை வழங்கினார். பவளப்பாறைகளின் அழிவைப் பற்றிப் பேசும் 41ஆம் பத்தியில், அதே 1988ஆம் ஆண்டு மடலை அவர் மேற்கோள் காட்டுகிறார். உழவர்களின் கண்ணீர் ஆயர்களின் மடலுக்குள் வந்தது. அம்மடலின் வார்த்தைகள் உலகத் திருஅவையின் போதனைக்குள் வந்தன.

எனவே, படைப்பைக் காப்பது உரோமையிலிருந்து நம்மேல் சுமத்தப்பட்ட புதுச் சுமை அன்று. நம்மைப் போன்ற பங்குமக்களின் வாழ்விலும் செபத்திலும் அது வேர்விட்டிருக்கிறது. ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் பொறுப்பை ஆண்டவர் மனிதரிடம் ஒப்படைத்தார் எனத் தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தப் பொறுப்பை யாரும் நம்மிடமிருந்து திரும்பப் பெறவில்லை.

ஒப்புரவு அருளடையாளத்திற்கு முன் நாம் ஆன்ம ஆய்வு செய்கிறோம். பொய், கோபம், பொறாமை எல்லாம் நினைவுக்கு வருகின்றன. ஆற்று மணல் களவு போவதைக் கண்டும் வாய்மூடி இருந்தது, ஊர்க் குளத்தில் கழிவைக் கொட்டியது, திருவிழா முடிந்து கோவில் வளாகமெங்கும் நெகிழிக் குப்பையை விட்டுச் சென்றது இவையெல்லாம் நினைவுக்கு வருகின்றனவா? இவற்றால் முதலில் துன்புறுபவர்கள் நம் அண்டை வீட்டு ஏழைகள்தாம். இக்கேள்வியைப் பங்குக் குருவாகிய நாமும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த அன்பியக் கூட்டத்தில், நம் ஊரின் நீர்நிலை ஒன்றைக் குறித்து ஒன்றாக அமர்ந்து பேசுவோம். சான் பெர்னாண்டோவிலும் சிறு கூட்டங்களில்தான் எல்லாம் தொடங்கியது.

படைப்பின் ஆண்டவர் நமக்கும் அந்தத் துணிவைத் தருவாராக. ஆமென்.