டர்போசார்ஜர் மகிழுந்துகளில் நீலப்புகை

டர்போசார்ஜர் பொருத்தப்பட்ட மகிழுந்தைக் கடுமையாக ஓட்டியபின் புகைக்குழாயில் தோன்றும் நீலப்புகை என்பது, உயவெண்ணெய் எரிவதற்கான அறிகுறியாகும். கரும்புகை மிகை எரிபொருளையும், கலையாத வெண்புகை பெரும்பாலும் குளிர்விப்பு நீர்க் கசிவையும் குறிக்கும்.

டர்போசார்ஜரின் தண்டு நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. அதன் தாங்கிகளுக்கு அழுத்தத்துடன் வரும் எண்ணெய், புவியீர்ப்பினால் மட்டுமே எண்ணெய்த் தொட்டிக்குத் திரும்புகிறது. தண்டின் முனைகளிலுள்ள சிறு வளையங்கள் எண்ணெயை முற்றாகத் தடுப்பவை அல்ல. திரும்புகுழாய் கரி படிந்து சுருங்கினாலோ, பொறியின் அடியறைக் காற்றுப்போக்கி அடைபட்டாலோ, தேங்கும் எண்ணெய் சுழலியின் பக்கம் கசிந்து எரியும். இவ்விரண்டையும் பார்க்காமல் டர்போசார்ஜரை மட்டும் மாற்றினால், புதியதும் புகையும்.

புகை எழும் நேரம் முக்கியமானது. வண்டியை நிறுத்திப் பொறியைச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு, மீண்டும் முடுக்கும்போது புகை வந்தால் டர்போசார்ஜரையோ வால்வு அடைப்புகளையோ ஐயுறலாம். முடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் வளையங்களையும் சோதிக்க வேண்டும். காற்றுக்குழாயைக் கழற்றித் தண்டை விரலால் அசைத்துப் பார்ப்பது எளிய சோதனை (பொறி ஆறியபின் மட்டும்!). பக்கவாட்டில் சிறிது அசைவு இயல்பே. சக்கரம் உறையில் உரசினால் தாங்கி தேய்ந்துள்ளது.

சூடான பொறியை உடனே நிறுத்தினால், தாங்கியில் தங்கும் எண்ணெய் கரியாகும். ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிடுதல் நன்று.

டீசல் வண்டிகளில் இக்கசிவு ஆபத்தானது. காற்றழுத்தியின் பக்கம் மிகுதியாகக் கசியும் எண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு பொறி கட்டுப்பாடின்றி விரையலாம். அப்போது சாவியைத் திருப்பினாலும் பொறி நிற்காது. உள்ளிழுக்கும் காற்றைத் தடுத்தாலே நிற்கும்.