உத்திரமேரூர்க் கல்வெட்டுகள்: சுவரில் நிலைத்த சட்டத்திருத்தம்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர், பல்லவர் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக விளங்கிய ஊராகும். திருமாலின் நின்ற, இருந்த, கிடந்த கோலங்களை மூன்று தளங்களில் கொண்ட சுந்தரவரதப்பெருமாள் கோயில் அக்காலக் கட்டடக்கலைக்குச் சான்றாகும். இவ்வூர் வைகுந்தப்பெருமாள் கோயிலோ கல்வெட்டுகளால் சிறப்புறுகிறது. முதற்பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகள், 30 குடும்புகளிலிருந்து வாரிய உறுப்பினரைக் குடவோலைவழித் தெரிவுசெய்யும் முறையை உரைக்கின்றன. முன்னதில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயதுவரம்பு, பின்னதில் 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டுள்ளது. சொந்த நிலமும் மனையும் வேதக்கல்வியும் உடையோரே தகுதிபெற்றனர். வாரியக் கணக்குக் காட்டாதோர் விலக்கப்பெற்றனர். ஆகவே இதனை அனைவர்க்குமான மக்களாட்சி என்பது பொருந்தாது. எனினும், தான் வகுத்த விதியை இரண்டே ஆண்டுகளில் தானே திருத்தி, பழையதை அழிக்காது புதியதையும் கல்லில் பொறித்த சபையின் பொறுப்புணர்வு இச்சுவர்களில் புலனாகிறது. இரு கல்வெட்டுகளையும் ஒருசேர ஒப்புநோக்கும்போதே இவ்வுண்மை தெளிவாகும்.