எவர் குறையால் உடைந்தது?

மழை தொடங்குமுன் காலனியின் வடிகாலைத் தூர்வார வேண்டுமென்று உரியவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கை ஓய்ந்த அன்பர்கள் நம்மிடையே பலர் உளர். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தின் கடலோரத்தில் வாழ்ந்த குடிமக்களும் நம்மைப் போன்ற விண்ணப்பக்காரர்களே. ஆனால் அவர்கள் அஞ்சிய வெள்ளம் வானத்திலிருந்து வருவதன்று, கடலிலிருந்து வருவது.

அந்நாட்டின் தென்கிழக்கில், கெண்ட் பகுதியில், ராம்னி என்னும் சதுப்பு வெளி பரந்து கிடக்கிறது. கடல் பொங்கும் வேளையில் நீர்மட்டத்துக்கும் தாழ்ந்துவிடும் நிலம் அது. மக்கள் மண்கரை எழுப்பி, வாய்க்கால் வெட்டி, அலைகளிடமிருந்து மீட்ட அந்நிலத்தில் பயிரிட்டனர், ஆடு மேய்த்தனர். கரைக் காவலுக்கு ஆணையிட்டு உறுதிமொழி கூறிய 24 பேர் இருந்தனர். அம்முறை தொன்றுதொட்டு வருவதென 1252-இல் மூன்றாம் ஹென்றி மன்னர் ஏற்றுக்கொண்டார். 1258-இல் அவருடைய நீதிபதி ஹென்றி டி பாத் விதிகளைத் தெளிவாக வகுத்தார். கரை முழுவதையும் கோல் கொண்டு அளந்து, அவரவர் நிலத்தின் ஏக்கர் கணக்குக்கு ஏற்ப, இன்னாருக்கு இத்தனை கோல் என்று பங்கிட வேண்டும். ஒருவன் தன் பங்கைச் செப்பனிடாவிடில், அதிகாரியே அதை முடித்து, செலவின் இரு மடங்கை அவனிடம் பெறலாம்.

ஏட்டில் இது நன்றாகவே இருந்தது. ஆனால் கரை என்பது அவரவர் வீட்டுச் சுவர் அன்றே! நூறு பேர் தம் பங்கைச் செவ்வனே காத்தாலும், ஒருவனுடைய நாலு கோல் இடம் இடிந்தால் நூற்றொருவர் வயலிலும் உப்புநீர் புகும். அந்த ஒருவன் ஏழையாயின் அதிகாரி விரைந்து வருவார். மடத்துத் தலைவராகவோ பெருநிலக்கிழாராகவோ இருந்துவிட்டால்?

ஆகவேதான் முறையீடுகள் அரசனை நோக்கி எழுந்தன. அரசனும் கரைகளையும் வாய்க்கால்களையும் பார்வையிட ஆணையாளர்களை அனுப்பினான். அவர்களுக்குத் தந்த ஆணையில் தவறாது இடம்பெறும் வினா ஒன்று உண்டு: எவர் குறையால் இவ்வழிவு நேர்ந்தது? அக்கரையால் எவர் நிலம் காக்கப்படுகிறது என்றும் கண்டறிய வேண்டும். 1662-இல் வில்லியம் டக்டேல் வெளியிட்ட பெருநூலில் இத்தகைய ஆணைகள் பக்கம் பக்கமாகக் காணப்படுகின்றன. ஒரே கேள்வியை மூன்று நூற்றாண்டுகள் கேட்க நேர்ந்தது என்பதே நமக்கு வியப்பளிக்கிறது.

எல்லாவற்றையும் அதிகாரிகள் தலையில் கட்டுவதும் நீதியன்று. 1287-ஆம் ஆண்டுப் புயலில் பழைய வின்சல்சீ நகரம் கடலில் மறைந்தது. ராதர் ஆறு ராம்னியை விட்டு ரை ஊருக்கருகே முகத்துவாரம் கொண்டது. அதற்கு எந்தக் கண்காணியைப் பிடிப்பது? 1348-49-இல் வந்த பெருங்கொள்ளை நோய்க்குப் பின்னரோ, மண் சுமக்க ஆளே அரிதாயிற்று. 1377-இல் தேம்ஸ் கரை உடைந்து பார்க்கிங் கன்னிமடத்தின் நிலங்கள் மூழ்கியபோது, செலவு தாங்க இயலாதென அம்மடமே முறையிட்டது.

ஆயினும் ஒரு குறை முறையிலேயே இருந்தது. ஆணையாளராக வந்தோர் பெரும்பாலும் அவ்வட்டாரத்து நிலவுடைமையாளர்களும் சட்டம் அறிந்தோருமே. கரையில் பங்குடையவரே பங்கு தவறியவரை விசாரித்தனர்! பணி முடிந்ததும் அவர்கள் கலைந்தனர். அடுத்த உடைப்புக்குப் புதிய விண்ணப்பம், புதிய ஆணை. 1390 மார்ச்சுப் புயலுக்குப் பின் ஊலிச்சுக்கும் கிரீனிச்சுக்கும் இடையே தேம்ஸ் கரையைப் பார்வையிட அனுப்பப்பட்டவருள் ஒருவர் ஜெஃப்ரி சாசர். ஆம், கேன்டர்பரிக் கதைகளைப் பாடிய அதே கவிஞர்தாம்! அப்போது அவர் அரசனின் கட்டடப் பணிகளுக்கும் எழுத்தராக இருந்தார். கவிஞரும் சேற்றில் இறங்கிக் கோல் எண்ண வேண்டிய காலம் அது.

1427-இல் பாராளுமன்றம் இவ்வாணைகளுக்குச் சட்ட வடிவம் தந்தது. எட்டாம் ஹென்றியின் 1531-ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையாளர்களின் அதிகாரத்தைப் பெருக்கி, நாளொன்றுக்கு 4 ஷில்லிங் படியும் வகுத்தது. ஆனால் ஆண்டுக்கு 40 மார்க்கு வருவாய் தரும் நிலமோ, நகரத்தில் போதிய பொருளோ, வழக்கறிஞர் தகுதியோ உடையவரே அப்பதவியில் அமரலாம். கரையடியில் குடிசை போட்டிருந்த மேய்ப்பன் முன்போலவே விண்ணப்பம் எழுதுவித்துக்கொண்டிருந்தான்.