பாட்டிலின் பின்பக்கமும் போடிமெட்டு ஜீப்பும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் பாட்லக். சியாட்டில் மழை, பத்துப் பன்னிரண்டு குடும்பம், மூன்று வகை பிரியாணி, வழக்கம்போல யாருமே தயிர்சாதம் கொண்டுவரவில்லை :-) என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். நண்பர் ஒருவர் ஒயின் பாட்டிலோடு வந்தவர், "ஒரு கிளாஸ் எடுத்துக்கங்க சிஸ்டர், ஒண்ணும் ஆகாது. பிரான்ஸ்ல எல்லாம் கர்ப்பமா இருக்கும்போதும் குடிப்பாங்க" என்றார். மகளின் பிரசவத்துக்காக சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு மாமி அதை ஆமோதித்து, "எங்க காலத்துல பிள்ளை பெத்தவளுக்கு ரெண்டு ஸ்பூன் பிராந்தி குடுப்பா" என்றார். என் மனைவி சிரித்துக்கொண்டே ஆரஞ்சு ஜூஸ் எடுத்துக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு குப்பை கட்டும்போது அந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். கர்ப்பிணிகள் மது அருந்தக்கூடாது, குழந்தை குறையோடு பிறக்கும் அபாயம் உண்டு என்று பொடி எழுத்தில் அரசாங்க எச்சரிக்கை. அமெரிக்காவில் 1988ல் சட்டம் போட்டு, 1989 நவம்பரிலிருந்து எல்லா மது பாட்டிலிலும் இது இருக்கிறது. நம் ஊர் பாட்டிலில் 2019லிருந்து உள்ள எச்சரிக்கை, குடி உடலுக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்பது. வயிற்றில் இருக்கிற பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது போடியில் என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையனை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கருவுற்றவள் குடித்தால் பிள்ளைக்கு ஆகாது என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் மலிவு விலை ஜின் தெருவெல்லாம் ஓடிய காலத்தில், 1726லேயே லண்டன் மருத்துவர் கழகத்தார் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். இந்தச் சாராயத்தால் பலவீனமான, நோஞ்சான் பிள்ளைகள் பிறக்கின்றன என்பது அவர்கள் புகார்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1899ல் நடந்தது. லிவர்பூல் சிறையில் டாக்டராக இருந்த வில்லியம் சல்லிவன், குடிக்கு அடிமையான 120 பெண்களின் 600 பிள்ளைகளைக் கணக்கெடுத்தார். பாதிக்கு மேல் இறந்தே பிறந்தவை, அல்லது இரண்டு வயதுக்குள் இறந்தவை. அதே பெண்களின் குடிக்காத உறவுக்காரப் பெண்களுக்கோ, நாலில் ஒன்றுதான் அப்படிப் போயிருந்தது. இதில் ஒரு விசித்திரம். குடித்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் கர்ப்பமாக இருக்கும்போது சிறைக்கு வந்தார்கள். உள்ளே சாராயம் கிடையாது. அந்தப் பிரசவத்தில் பிறந்த பிள்ளைகள் நன்றாக இருந்தன! அதே தாய், அதே உடம்பு. சாராயம் கைக்கு எட்டாத ஓரிடத்தில் அவள் இருந்தாள், அவ்வளவுதான். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் மருத்துவ உலகம் இதை மறந்தே போனது. மதுவிலக்குக்காரர்களின் பிரசங்கம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1960களின் கடைசியில், குறைமாதப் பிரசவ வலியை நிறுத்துவதற்காகக் கர்ப்பிணிகளுக்கு நரம்பு வழியாக ஆல்கஹாலையே ஏற்றினார்கள் என்றால் நம்புவீர்களா? பெரிய ஆஸ்பத்திரிகளில் 1970களிலும் அது நடந்தது. ஆகவே பிராந்தி கொடுத்த பாட்டிகளை மட்டும் கேலி செய்யாதீர்கள்.

பிரான்ஸை சாட்சிக்குக் கூப்பிட்ட நண்பருக்கு ஒரு செய்தி. அந்த பிரான்ஸில், நான்த் என்ற ஊரில்தான், 1968ல் பால் லெமுவான் என்ற குழந்தை மருத்துவர் குடிப்பழக்கம் உள்ள பெற்றோரின் 127 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். ஒரே மாதிரி முகச்சாயல், வளர்ச்சி குறைவு, மந்தம். பிரெஞ்சில் எழுதியதால் உலகம் கண்டுகொள்ளவில்லை. பிறகு 1973ல், நான் இன்று குடியிருக்கும் இதே சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள் எட்டுப் பிள்ளைகளைப் பார்த்து அதையே கண்டார்கள். மூன்று இனத்துப் பிள்ளைகள், ஆனால் முகத்தில் ஒரே ஜாடை. 'ஃபீட்டல் ஆல்கஹால் சின்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். கருவிலேயே மதுவால் வந்த பாதிப்பு என்று பொருள்.

விஷயம் இதுதான். தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடி வழியாக நேராகக் குழந்தைக்குப் போகிறது. தாயின் ரத்தத்தில் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு பிள்ளையின் ரத்தத்திலும். அதை முறித்துத் தள்ளும் சக்தி அந்தச் சின்ன ஈரலுக்கு இல்லை. முகம் உருவாவது முதல் சில வாரங்களில். அப்போது பாதித்தால் கண் இடுங்கி, மேலுதடு மெலிந்து, மூக்குக்குக் கீழே உள்ள பள்ளம் இல்லாமல் வழவழப்பாக இருக்கும். மூளையோ ஒன்பது மாதமும் வளர்கிறது. ஆகவே முகத்தில் ஒன்றும் தெரியாத பிள்ளைக்கும் கவனம், ஞாபகம், கணக்கு, கோபத்தை அடக்குவது எல்லாவற்றிலும் சிக்கல் வரலாம். கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடைகுறைவு வேறு. 2018ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் நான்கு பகுதிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளில் 1.1 முதல் 5 சதவீதம் வரை இந்தப் பாதிப்பு ஏதோ ஓர் அளவில் இருந்தது. பணக்கார நாடு, பாட்டிலில் எச்சரிக்கை உள்ள நாடு!

*

இப்போது போடிக்கு வருவோம்.

என் அம்மா ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவர். விடியுமுன் ஜீப் வரும். ஒரு ஜீப்பில் எத்தனை பெண்கள் ஏறலாம் என்று கேட்காதீர்கள், ஏறிய வரைக்கும். போடிமெட்டு ஏறி, எல்லை தாண்டி, இடுக்கி ஜில்லாவில் பூப்பாறை, சாந்தம்பாறை பக்கம் வேலை. கம்பம், தேவாரம் பெண்களுக்கும் இதே கதைதான். நாள் முழுக்க ஈரத்தில் குனிந்து நிற்க வேண்டும். மேலே மழை, கீழே அட்டை. இருட்டிய பிறகு வீடு திரும்பிச் சமையல்.

எங்கள் தெருவில் ஓர் அத்தை (சொந்தம் இல்லை, அப்படித்தான் கூப்பிடுவோம்) அதே ஜீப்பில் போவார். இடுப்பு வலிக்கு ராத்திரி கொஞ்சம் சாராயம் குடிப்பார். 1980களில் தோட்டத்துப் பக்கம் அரசாங்கம் ஏலம் விட்ட சாராயக்கடைகளே இருந்தன. அவர் பையன்தான் என்னோடு படித்தவன். வகுப்பிலேயே சின்ன உருவம். வாய்ப்பாடு இன்று சொல்வான், நாளைக்கு மறந்துவிடுவான். வாத்தியார் அடிப்பார், அவன் ஏன் அடிக்கிறார் என்று புரியாமல் பார்ப்பான். நாங்கள் 'மக்கு' என்று கூப்பிட்டோம். நானும்தான். ஏழாவதோடு நின்று, ஜீப்புக்குக் கிளீனராகப் போனான்.

பல வருடம் கழித்து இங்கே ஒரு கிளினிக்கில் காத்திருக்கும்போது சுவரில் ஒரு படம் பார்த்தேன். அந்தக் கண், அந்த மேலுதடு. தூக்கிவாரிப் போட்டது. ஒரு படத்தைப் பார்த்து நோயைத் தீர்மானிக்க நான் டாக்டர் இல்லை. பட்டினியும் பிள்ளையைக் குன்ற வைக்கும். ஆனாலும் அன்றிலிருந்து அந்த முகம் என்னை விடவில்லை.

*

இடுக்கி மாதிரியே பாலக்காட்டு எல்லைக்கும் ஒரு கதை உண்டு. கோவையில் கல்லூரி படிக்கும்போது ஆனைகட்டிக்கு என்.எஸ்.எஸ். முகாம் போயிருந்தேன். ஒரு சின்ன ஓடை, அதற்கு அந்தப் பக்கம் கேரளத்தின் அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் ஊர்கள். இருளர் பேச்சு நம் காதுக்குப் பாதிக்கு மேல் புரியும். 1951ல் அங்கே பத்தில் ஒன்பது பேர் ஆதிவாசிகள். இன்று பாதிக்கும் குறைவு. வந்தவர்கள் கைக்கு நிலம் போனது, ராகியும் சாமையும் விளைந்த காடு போனது.

2013ல் அட்டப்பாடியில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். தாய்மாருக்கு ரத்தசோகை, சத்துக்குறைவு, எடை இல்லாமல் பிறந்த பிள்ளைகள். அப்போது "அந்தப் பொம்பளைங்க குடிக்கிறாங்க, அதான்" என்று ஒரே வரியில் முடித்தவர்களும் உண்டு. மது ஒரு காரணமாக இருக்கக்கூடியதுதான், மேலே சொன்ன அறிவியல் அங்கேயும் அதே அறிவியல்தான். ஆனால் வயிறு நிறையாதவளிடம் குடியை மட்டும் எண்ணுவது என்ன நியாயம்? தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் மது குடிக்கும் பெண்கள் 1.3 சதவீதம், ஆண்கள் 19 சதவீதம் சுமார். கூலி எங்கே போகிறது, சட்டியில் ஏன் ஒன்றும் இல்லை என்பதற்கு இந்த இரண்டாவது எண்ணையும் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் அட்டப்பாடி 1990களிலிருந்தே மதுவிலக்குப் பகுதி. கேரளம் முழுக்க சாராயம் 1996 ஏப்ரல் 1ஆம் தேதி தடைசெய்யப்பட்டது. ஆனால் எல்லை என்பது ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டில் 1987லிருந்து கள் இல்லை, ஆகவே நம் ஆட்கள் கள்ளுக்குச் சித்தூர்ப் பக்கம் போவார்கள். கேரளத்து மதுவிலக்குப் பகுதிக்காரர்கள் இந்தப் பக்கம் வருவார்கள், 2003லிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்துவிட்டது. ஓடையைத் தாண்டினால் ஆனைகட்டியில் கடை.

அந்தக் கடையை எதிர்த்து எழுந்தவர்கள் அட்டப்பாடி ஆதிவாசிப் பெண்கள். அவர்களின் அமைப்புக்குப் பெயர் தாய்க்குல சங்கம். 2016ல் எல்லை தாண்டி வந்து கடைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். இன்னொரு மாநிலத்துக் கடை, ஓட்டு கூட இங்கே இல்லை. கடை மூடப்பட்டது. இப்போது லிவர்பூல் சிறையை நினைத்துப் பாருங்கள். அங்கே சுவர் செய்ததை இங்கே இந்தப் பெண்கள் யாரையும் சிறை வைக்காமல் செய்யப் பார்த்தார்கள்.

தென்னாப்பிரிக்காவிலும் ஒரு பாடம் இருக்கிறது. வெஸ்டர்ன் கேப் திராட்சைத் தோட்டங்களில் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே கொடுக்கும் 'டொப்' என்ற வழக்கம். 1960களில் சட்டம் தடுத்தும் பல வருடம் நீடித்தது. இன்று உலகில் கணக்கெடுத்த இடங்களில் இந்த நோய் மிக அதிகமாக உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. முதலாளி ஊற்றிய ஒயினுக்குப் பேரப்பிள்ளைகள் இன்னும் விலை கொடுக்கிறார்கள்.

*

போன வாரம் அம்மாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். அந்த அத்தை அன்றைக்குக் குடிக்காமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். அம்மா முடிக்கவிடவில்லை.

"அவளக் குத்தம் சொல்லாதய்யா. மழையில நனஞ்சு நனஞ்சு ராத்திரி இடுப்பப் புடிச்சுக்கிட்டு அழுவா. ஒரு டம்ளர் குடிச்சுட்டுப் படு, வலி தெரியாதுன்னு கங்காணிதேன் சொன்னான். நானுந்தேன் சொன்னேன். புள்ளைக்கு ஆகாதுன்னு எங்களுக்கு யாரு சொன்னா?"

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பய இப்ப சொந்தமா ஜீப்பு ஓட்டுறான். மெதுவாத்தேன் ஓட்டுவான், பத்திரமா கொண்டுபோய் விடுவான்" என்றார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த ஜீப்பில் போடிமெட்டு ஏற வேண்டும். அவனிடம் என்ன பேசுவது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பி.கு: வெளிநாட்டில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு மூன்று விஷயம்.

ஒன்று, கர்ப்ப காலத்தில் இவ்வளவு குடிக்கலாம் என்று பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது. ஒயினோ பீரோ எல்லாம் ஒன்றுதான். பிரசவமான பிறகு கொடுக்கும் பிராந்தியும் தாய்ப்பாலில் போகும், மாமிகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இரண்டு, கர்ப்பம் என்று தெரியாமல் குடித்துவிட்டால் பதற வேண்டாம். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பிள்ளைக்கு நல்லது. டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

மூன்று, இது கணவர்களுக்கு. "மது அருந்துவீர்களா" என்று நர்ஸ் கேட்கும்போது மாமியார் பக்கத்தில் இருந்தால் எந்தப் பெண்ணும் இல்லை என்றுதான் சொல்வாள். கொஞ்ச நேரம் பெரியவர்களை வெளியே காபி குடிக்கக் கூட்டிப்போங்கள். அந்த ஒன்பது மாதம் நீங்களும் பாட்டிலைத் தொடாமல் இருந்தால் இன்னும் நல்லது. நான் நிறுத்தி நாலு மாதமாகிறது, இதுவரை உயிரோடுதான் இருக்கிறேன் :-)