எல்லை நாட்டு எழுத்தாளர் இருவர்

ஜவளகிரியிலும் அதனைச் சூழ்ந்த தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களிலும் வசிக்கும் நம் அங்கத்தினர் சிலர், சங்கக் கூட்டங்களிற் சந்திக்கும்போதெல்லாம் எம்மிடம் ஒரு விஷயம் கேட்பதுண்டு. வீட்டிலே தெலுங்கு, சந்தையிலே கன்னடம், பள்ளிக்கூடத்திலே தமிழும் இங்கிலீஷும். இவ்வாறு வளரும் பிள்ளை கதையோ கவியோ எழுத ஆசைப்பட்டால், எந்தப் பாஷையில் எழுதுவது? வேற்றுப் பாஷையில் எழுதினால் அது இரவல் நகையாகத் தோன்றாதா? கேள்வி சிறிதன்று. பலருடைய எழுத்தாசை இந்த ஐயத்திலேயே கருகிப் போகின்றது.

இதற்கு விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நமது எல்லையின் இருபுறத்திலும் பிறந்த இருவருடைய சரித்திரமே போதும்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ஆம் வருஷம் டிசம்பர் 10-ஆம் தேதி, கிராம முன்சீபின் குமாரராய்ப் பிறந்தவர் ராஜாஜி. ஓசூருக்கு வடபால், மாலூர் வட்டத்து ஹொங்கேனஹள்ளியில் 1891-ஆம் வருஷம் ஜூன் 6-ஆம் தேதி பிறந்தவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். இருவர் இல்லத்திலும் வழங்கியது தமிழே. முன்னவர் தமிழில் எழுதினார். பின்னவரோ கன்னடச் சிறுகதைக்குத் தந்தை என்று அந்நாட்டார் போற்றும் நிலையை அடைந்தார்.

இதிலே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். தமிழில் எழுதியவர் பி.ஏ. படித்தது பெங்களூர் சென்ட்ரல் காலேஜில்! கன்னடத்தில் எழுதியவர் எம்.ஏ. தேறியது சென்னையில்! ஆகவே, படித்த ஊர் பாஷையைத் தீர்மானித்தது என்று சொல்வதற்கில்லை; தாய்மொழி தீர்மானித்தது என்றும் சொல்வதற்கில்லை. ராஜாஜி 1900-இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அவருடைய கட்சிக்காரரும், பின்னர் அவருடைய சொற்பொழிவைக் கேட்டோரும் தமிழர். மாஸ்தி 1914-இல் மைசூர் சமஸ்தானத்து உத்தியோகத்தில் அமர்ந்து, ஊர் ஊராய் மாற்றலாகி, கன்னடக் குடியானவர்களின் வழக்குகளையும் வருத்தங்களையும் நாள்தோறும் கேட்டு வந்தார். எவரோடு பேச வேண்டியிருந்ததோ அவர் பாஷையிலேயே பேனா ஓடிற்று என்பதே எமது அபிப்பிராயம்.

நிற்க. எழுத்தின் தன்மையைச் சற்று ஆராய்வோம். ராஜாஜியின் வசனம் படிப்பறியாதவனுக்கும் வாசித்துக் காட்டத் தக்கது. சேலத்தில் இருந்தபோதே, 1916-இல், சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு கழகம் நடத்தினவர் அவர். ரசாயன சாஸ்திரத்தைக்கூடத் 'திண்ணை ரசாயனம்' என்றே பெயரிட்டு எழுதினார். திண்ணையில் உட்கார்ந்து கேட்பவனை மறவாத எழுத்து அது. 1929-இல் திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்திலிருந்து, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை வெளியிட்டார். கல்கி அதில் உடனிருந்து உழைத்தார். பின்னர் 1937-இல், ராஜாஜி பிரதமராயிருந்த சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதல் அமலானது சேலம் ஜில்லாவில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அக்காலத்தில் அந்த ஜில்லாவைச் சேர்ந்தவையே. ஆகவே, அவருடைய 'திக்கற்ற பார்வதி' முதலிய கதைகளில் வரும் கள்ளும் கடனும் கோர்ட்டும் நம் பாட்டனார் கண்ணாரக் கண்டவை.

ஆயினும் உண்மையை மறைப்பானேன்? அவருடைய சிறுகதைகளில் உபதேசம் அடிக்கடி தலை நீட்டுகின்றது. கதாபாத்திரம் பேச வேண்டிய இடத்தில் ஆசிரியரே வந்து பேசிவிடுகிறார். அவருடைய கலை நிறைந்து விளங்குவது இதிகாசங்களைத் திருப்பிச் சொன்ன இடத்தில்தான். 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958-இல் சாகித்ய அகாதமிப் பரிசு பெற்றது தகுமே.

சிறுகதை என்று பார்த்தால் மாஸ்தியின் கை மேலானது. அவர் கதைகளிலும் ஊர்ப் பெரியவர் ஒருவர் நிதானமாய்ச் சொல்வது போன்ற குரலே கேட்கும். ஆனால் தீர்ப்பை நம்மிடமே விட்டுவிடுவார். ஸ்ரீநிவாச என்ற புனைபெயரில் எழுதி, 1920-இல் முதற் கதைத் தொகுதியைப் பிரசுரித்தார். குடகு நாட்டின் கடைசி அரசனைப் பற்றிய 'சிக்கவீர ராஜேந்திர' என்னும் நாவலுக்கு 1983-இல் ஞானபீடப் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது தொண்ணூற்றிரண்டு!

எழுத்து சோறு போடுமா என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. இவ்விருவரும் பேனாவை நம்பி ஜீவனம் தொடங்கியவரல்லர். ஒருவருக்கு வக்கீல் தொழில், மற்றவருக்கு சர்க்கார் உத்தியோகம். தமக்கு இளையவர் ஒருவருக்கு மேற்பதவி தரப்பட்டதைக் கண்டு 1943-இல் மாஸ்தி உத்தியோகத்தை உதறினார். அடுத்த ஆண்டே 'ஜீவன' என்னும் மாசிகையின் ஆசிரியர் பொறுப்பை ஏற்று, இளம் எழுத்தாளர் பலருக்கு இடங் கொடுத்தார். இன்று ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் நம் வாலிபர்கட்கும் ராத்திரியில் ஒரு மணி நேரம் கிட்டாமற் போகாது.

எழுதப் பொருளும் குறைவில்லை. மழைக்காலம் கழிந்ததும் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் இறங்குகின்றது. எந்த ராஜ்யத்து எல்லை என்று அது கேட்பதில்லை. கேழ்வரகுக் கொல்லைக்குக் காவல் இருப்போர் விடியுமட்டும் விழித்திருக்கிறார்கள். விழித்திருப்பவர்கள் பேசாமலா இருப்பார்கள்? அந்தப் பேச்சில் மூன்று பாஷையும் கலந்தே வரும். எழுதுகிற பிள்ளை அதில் எதை எடுத்துக்கொண்டாலும் அது இரவல் ஆகாது. மாஸ்தி தம் முதற் கதையை எழுதிய 1910-இல் அவருக்குப் பத்தொன்பது வயதிருக்கும். வீட்டில் பேசியது தமிழ், எழுதியது கன்னடம்.